புதுநீரை எதிர்கொள்ளல்

இரண்டு கோடையாய் ஊரே மண்சுமந்து தூர்வாரிய ஏரிக்கு முதல் மாரியின் நீர் வாய்க்காலில் வருகிறது. அமுதென்று எண்ணிப் பூத்தட்டுடன் எதிர்கொள்ள வந்த மேகலா முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். முழங்கால் உயர நுரை சுமந்து, அழுகிய தோல் நாறத் தவழ்கிறது அந்நீர். “மழை வந்தா போதும், தோல் டேனரிக்காரன் கழிவுத் தொட்டியத் தொறந்துட்றான்,” என்று காறித் துப்புகிறார் உடன் மண்சுமந்த வாஹித் பாஷா. “கெணறெல்லாம் காஞ்சி கெடக்குதேம்மா. உள்ள உட்டுடலாமா?” “உட்டுட்டு இன்னாத்தக் குடிப்பீங்க பாய்?” பூவை நீரில் இடாமல் கரையிலேயே கவிழ்க்கிறாள். வெள்ளத்துக்கென்று அடுக்கிய மணல்மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி, தான் வெட்டிய வாய்க்காலின் வாயிலேயே போடுகிறாள். அவரும் ஒன்றைத் தூக்குகிறார். வறண்டு வெடித்த ஏரியின்மேல் தூறல் மட்டும் தூயதாய் விழுகிறது. தடைபட்ட நுரை சற்றே தயங்கி, அடுத்த ஊர் ஏரிப் பக்கம் திரும்புகிறது. மேகலா அதைப் பார்க்காமல் அடுத்த மூட்டைக்குக் குனிகிறாள்.