பரிபூரண பலன்

"சேச்சி, பிரேமா சீட்டுல எழுதினது திரவியத்துக்க பேரு இல்ல."

பக்கத்து வீட்டு ஓமனா வாசலிலேயே போட்டு உடைத்தாள். அவள் நாக்குக்கு எதையும் வீட்டுக்குள்வரை சுமந்துகொண்டு போகிற பொறுமை கிடையாது.

கட்டிலில் கிடந்த சூடாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரே மகன் திரவியம் மஞ்சள் காமாலையில் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூபிலி ஆண்டில் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, யாத்திரைக் கோயிலுக்குப் போய்ப் பேரைச் சீட்டில் எழுதிக் கூடையில் போட்டுச் செபித்தால் இறந்துபோன ஓர் ஆத்துமாவுக்குப் பரிபூரண பலன். மோட்சத்துக்கு முன்னால் ஆத்துமாக்கள் தீயில் வெந்து சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாக்கியிருக்கும் தண்டனை முழுக்கத் தீர்ந்துவிடும். இன்றுதான் கடைசி நாள். முழங்கால் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்ததால், நாலு தடவை சொல்லி மருமகள் பிரேமாவை ஓமனாவோடு அனுப்பியிருந்தாள்.

பின்னாலேயே பிரேமா உள்ளே வந்தாள்.

"ஏட்டி, இவ சொல்லியது உள்ளதா?"

"உள்ளதுதான் மாமி."

"பாவி! இனி இருவத்தஞ்சு வருசம் கழிச்சுதான் அடுத்த ஜூபிலி. அதுவர எனக்க மவன் தீயில கெடக்கணுமா?"

பிரேமா முக்காட்டை மடித்தாள்.

"அதும் ஒரு பெண்ணுக்க பேராக்கும் சேச்சி. கூடையில போடும்போ நான் கண்டேன்" என்றாள் ஓமனா.

"எந்தப் பெண்ணு?"

"ஸ்வப்னா."

திட்ட நிமிர்ந்த சூடாமணி மறுபடி தலையணையில் சாய்ந்தாள்.

பிரேமா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரில வச்சு அவருதான் மாமி சொன்னாரு. 'எனக்காக அம்மா தெனமும் அழுது செபிப்பா. நான் எப்படியும் கரையேறிருவேன். ஸ்வப்னாவுக்கு ஆரு இருக்கா? வேற ஜாதிக்காரனக் கெட்டினான்னு, அவ செத்தப்பம் மொகம் பாக்கக்கூட இங்கேருந்து ஒருத்தரும் போவல்ல. எனக்கு ஏதாவது செய்யணும்னா மொதல்ல அவளுக்குச் செய்யி'ன்னாரு."

ஓமனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்தத் தெருவுக்குக் குடிவந்த ஆறு வருடத்தில் இந்த வீட்டில் அப்படியொரு பேரை அவள் கேட்டதே இல்லை.

"ஆரு சேச்சி இந்த ஸ்வப்னா?"

சூடாமணி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்க மவ."