நடுவில் ஒரு கண்ணாடி

கடல்மீன் தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாகத் திரிந்த ஏஞ்சல் மீனுக்கு, அதை வளர்க்கும் செல்வின் ஒரு ஜோடி வாங்கிவந்தார். கடித்துக் குதறிவிடக் கூடாதே என்று நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, வந்தவளை அந்தப் பக்கம் விட்டார்.

ராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததும் துடுப்பை விறைத்துக்கொண்டு தடுப்புவரை சீறிப் பாய்வார்.

"என் வீட்டுக்குள்ளயே வந்துட்டியா? இந்தக் கண்ணாடி மட்டும் இல்லேன்னா உன் வாலைப் பிச்சு எறிஞ்சிருப்பேன்!"

அவள் பாசியைக் கொறித்துக்கொண்டிருப்பாள்.

பத்தாம் நாளும் அதே பாய்ச்சல், அதே இடத்தில் பிரேக், அதே வசனம். அவள் மெல்ல நீந்தி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, கண்ணாடியை எடுத்து மூணு நாளாச்சுங்க."

ராஜா அவளைப் பார்த்தார். தடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டியா?"