சாத்திய கதவு

“வாயைத் திற, பார்க்கலாம்.”

தையற்கூடத்தின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓசையடங்கின. காலர் தைக்கும் இளம்பெண்ணுக்கு முகம் கன்றிப்போயிற்று.

“நான் எதையும் மெல்லலை மேடம்.”

“மெல்றியான்னு கேட்கலை. திறன்னேன்.”

திறந்தாள். மேற்பார்வையாளர் அம்மையார் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவள் வாய்க்கு நேரே பிடித்து அளவு பார்த்தார். இரண்டு விரலுக்குமேல் இடமில்லை. காதோரத் தாடை மூட்டு ‘கடக்’கென்றது, வலியில் அவளுக்குக் கண் கலங்கியது.

சில வாரங்களாகவே அந்த வலி இருந்தது. அவள்தான் மூச்சுவிடவில்லை. உடம்புக்கு முடியாதவளை யார் வேலையில் வைத்திருப்பார்கள்?

“இன்னையிலிருந்து உனக்கு ராத்திரி வேலை கிடையாது. நடு வரிசையை விட்டு ஜன்னலோர மெஷினுக்குப் போ. நூலைப் பல்லால கடிக்கிறதை இனிமே நான் பார்க்கக் கூடாது.”

சொன்னதோடு நில்லாமல், நாடாவில் கோத்த சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு நடந்தார்.

மதிய இடைவேளையில் பொத்தான் தைக்கும் அக்கா பொங்கித் தீர்த்தாள்.

“கன்னுக்குட்டிக்கு மணி கட்டின மாதிரியில்ல கட்டிவிட்டுப் போறா! உன்னைத் துரத்தப் பார்க்கிறாடி. இன்னைக்கு ராத்திரி வேலை போச்சு, நாளைக்குப் பகல் வேலையும் போகும். அந்த உம்மணாமூஞ்சி என்னைக்காவது நம்மகூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கா? ஒரு தடவை சிரிச்சிருக்கா?”

அவளுக்கு அழுகை முட்டியது. அழுகை முட்டினால் யாரையாவது நடித்துக் காட்டிவிடுவது அவள் வழக்கம். உதட்டை இறுக்கிக் கழுத்தை நிமிர்த்தி, தாடை அசையாமல், “வாயைத் திற, பார்க்கலாம்” என்றாள்.

கூடமே அதிரும்படி சிரிப்பு எழுந்தது.

கோடியிலிருந்த மேடத்தின் அறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

“ஐயையோ, கேட்டுடுச்சு!” அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஓடு. காலைப் பிடிச்சாவது மன்னிப்புக் கேளு. இல்லேன்னா வேலை போச்சு.”

ஓடிய வேகத்தில் தட்ட மறந்து கதவைத் தள்ளினாள்.

உள்ளே மேடம், பாலில் ஊறிக் குழைந்த ரொட்டியைக் குழந்தைக்கு மருந்து புகட்டும் கரண்டியால் வாய்க்குள் செலுத்திக்கொண்டிருந்தார். வாய் ஒரு விரலளவுகூடத் திறக்கவில்லை. இன்னொரு கை காதோரத்தைத் தாங்கியிருந்தது.

“உங்களுக்குமா மேடம்?”

கரண்டி கீழே இறங்கியது.

“வருஷக்கணக்கா. நானும் நூலைப் பல்லால கடிச்சவதான். தூக்கமில்லாம தைச்சேன், திட்டு விழும்போதெல்லாம் பல்லை இறுக்கிக்கிட்டேன், யார்கிட்டேயும் சொல்லாம நாளைக் கடத்தினேன். எல்லாமாச் சேர்ந்து வலியைக் குடிவச்சுடுச்சுன்னார் டாக்டர். வலி வந்த புதுசுலேயே அவர்கிட்டே போயிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதோ என்னவோ.”

“எனக்கும் இப்படியே தங்கிடுமா?”

“தங்கக் கூடாதுன்னுதானே இத்தனையும்! பிஸ்கட்டைக்கூட டீயில நனைச்சு ஒரு பக்கமா ஒதுக்கித் தின்னியே, அப்பவே சந்தேகம். நடு வரிசையில அந்தத் தரம் பார்க்கிறவன் கத்துற கத்துல யாருக்குத்தான் பல்லு இறுகாது? காரணத்தை எல்லார் எதிரேயும் சொன்னா, சீக்காளின்னு மேலே போட்டுக் கொடுத்துடுவாங்க. நாளைக்கே டாக்டரைப் பாரு. உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

அவள் கழுத்திலிருந்த கத்தரிக்கோலைப் பற்றிக்கொண்டாள்.

“மேடம், இப்ப வெளியே நான் உங்களை மாதிரி...”

“தெரியும். தினமும்தான் கேட்குது.”

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“போகும்போது கதவை நல்லாச் சாத்திட்டுப் போ” என்றார் மேடம், காதோரத்தை அழுத்தியபடியே. “அச்சு அசலா என்னை மாதிரியே பேசுறே. சிரிப்பை அடக்க முடியலை, சிரிச்சா வலிக்குது.”