நகவெட்டியின் குளியல்

அழகு நிலையத்தில் நகம் தேய்க்கும் அட்டை அரத்துக்கு, நகவெட்டி குளிப்பதைப் பார்த்தாலே வயிறு எரியும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எழுந்து போனதும் அங்கே வேலை செய்யும் யசோதா நகவெட்டியைத் தேய்த்துக் கழுவி, மருந்து நீரில் ஊறவைத்து, மறுபடி வேலைக்கு எடுப்பாள். அட்டை அரத்துக்கு வாய்ப்பது ஒரே ஆள். அப்புறம் குப்பைக்கூடை.

அன்று அதன் முறை வந்தது. வந்த அம்மாளுக்கு நகங்கள் மஞ்சளாகத் தடித்திருந்தன. ஒரு நகத்தைத் தேய்த்ததுமே யசோதா நிறுத்திவிட்டாள். “இது பூஞ்சை மாதிரி தெரியுதும்மா. தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க.”

ஒரே ஒரு நகம்! அரம் மெல்ல நழுவித் துவாலைக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

அடுத்து மருதாணி மணக்கும் கைகளோடு ஒரு கல்யாணப் பெண் உட்கார்ந்தாள்.

“வெளியே வராதே. உன் உடம்பெல்லாம் அந்தம்மா நகத்துப் பொடி” என்றது நகவெட்டி.

“நீ மட்டும் எத்தனை கையை வேணும்னாலும் தொடலாமாக்கும்?”

“நான் குளிச்சிட்டு வந்தவன்ப்பா.”

“என்னையும் குளிப்பாட்டச் சொல்லேன்.”

“அட்டை நீ. ஊறிப்போவே.”

யசோதாவின் கை துவாலையருகே வந்ததும் அரம் தானாகவே விரல்களுக்குள் புகுந்தது. அந்தப் பெண்ணின் நகம் அருகில் வந்தது. இளஞ்சிவப்பு நகம். இன்னும் ஒரு நூலளவுதான் இடைவெளி.

யசோதா நிறுத்தினாள். அரத்தை விளக்கில் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் பொடி தெரிந்தது. இரண்டாக ஒடித்துக் கூடையில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பெட்டியிலிருந்து வெளியே வந்த புது அரம், கல்யாணப் பெண்ணைப் பார்க்கவில்லை. பளபளவென்று உட்கார்ந்திருந்த நகவெட்டியைத்தான் பார்த்தது.