வாசலில் ஏறிய பலகை

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கம்பெனி ஒன்றில், தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டார் இருந்தது. ராப்பகலாய் ஊதி ஊதி அதற்கு அலுத்துப்போயிருந்தது. ஆனால் நிற்க முடியுமா? அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிகள் மூச்சு முட்டிச் செத்துப்போகுமே!

ஒருநாள் வாசலில் புதுப் பெயர்ப்பலகை ஏறியது. பச்சை இலை, நீலச் சொட்டு, கீழே ‘உயிர்களின் தோழன்’ என்று ஒரு வரி.

“அண்ணே, இன்னைக்கு எனக்குத் திறப்பு விழா. ஸ்பீக்கர்ல குயில் கூவப்போகுது. நீங்க இப்படிக் கத்தினா யார் காதுல விழும்?” என்றது பலகை.

“நான் நின்னா இதுங்க செத்துரும்மா.”

“கண்ணுக்கே தெரியாததுங்கதானே? வர்றவங்க என்னைத்தான் பார்ப்பாங்க.”

மோட்டாருக்கு வாதாடத் தெம்பில்லை. தெம்பிருந்துதான் என்ன, ஸ்விட்ச் அதன் கையிலா இருக்கிறது? யாரோ வந்து அணைத்துவிட்டுப் போனார்கள்.

குயில் கூவியது. “அடடா, என்ன அமைதி!” என்று விருந்தாளிகள் கைதட்டினார்கள். பேச்சும் போட்டோவும் பொழுது சாயும்வரை நீண்டன. தொட்டியில் குமிழிகள் அடங்கின. “அண்ணே, காத்து… காத்துண்ணே…” என்று கெஞ்சிக்கொண்டிருந்த குரல்களும் அடங்கின.

எல்லோரும் கிளம்பிய பிறகுதான் மோட்டாரைப் போட்டார்கள். தொட்டியிலிருந்து நாற்றம் குப்பென்று எழுந்தது.

“சே! என்ன அண்ணே இது, என் பேரே கெட்டுரும்போல இருக்கே!” என்றது பலகை.

மோட்டாரோ, கீழே ஒன்றிரண்டாவது உயிரோடு இருக்காதா என்று ஊதிக்கொண்டே இருந்தது.