முப்பத்தேழாவது படிவம்

1998 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி. மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸ் தெருவில் ஒரு மாடி வீட்டில், ஸ்ரீகண்டன் தன் மனைவியின் பையிலிருந்த முப்பத்தாறு படிவங்களையும் மேசையில் கொட்டி இரண்டாகப் பிரித்தான். ஆண்கள் பதில் சொன்னவை இடப்பக்கம். பெண்கள் பதில் சொன்னவை வலப்பக்கம்.

நகரத்தில் யார் எங்கிருந்து எங்கே, எதில், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை சீதாலட்சுமிக்கு. மூன்று வாரத் தற்காலிக வேலை. இதை வைத்துத்தான் புதிய பஸ் தடங்களை முடிவு செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

“பத்தொம்பது வீட்ல ஆம்பளைங்க,” என்றான் ஸ்ரீகண்டன். “பகல்ல வேலைக்குப் போகாம உனக்காகக் காத்துட்டு இருந்தானுங்களா?”

“ஷிஃப்ட்டுக்குப் போறவங்க பகல்ல வீட்லதான் இருப்பாங்க. நீங்க இப்ப இல்லையா?”

வலப்பக்க அடுக்கை அவன் புரட்டவே இல்லை. இடப்பக்கத்துப் படிவம் ஒவ்வொன்றிலும் பேட்டி தொடங்கிய நேரத்தை முடிந்த நேரத்திலிருந்து கழித்துப் பார்த்தான். ஒன்றில் விரல் நின்றது.

“யாரு இந்த எரிக்? பத்து இருபதுக்கு ஆரம்பிச்சு பதினோரு மணிக்கு முடிச்சிருக்க. நாப்பது நிமிஷம் அவன்கிட்ட என்ன பேச்சு?”

“அஞ்சு பேர் இருக்கற வீடு. அஞ்சு பேரும் முந்தின நாள் எங்கெங்க போனாங்கன்னு கேக்க வேண்டாமா?”

“உள்ள வந்து உக்காருன்னானா? காபி குடுத்தானா? ஊட்டா ஆயித்தா, சாப்ட்டியான்னு விசாரிச்சானா?”

“நாய் இருந்துச்சு. வாசல்லயே நின்னு எழுதினேன்.”

“பனியனோட வந்தானா?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை.”

அவன் சிரிக்கவில்லை. படிவத்தின் மேல் வரியில் இருந்த முகவரியை அப்போதுதான் படித்தான்.

“விவேக் நகரா? உனக்கு மல்லேஸ்வரம்தானே குடுத்தாங்க?”

“சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா சார்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டேன்.”

“பக்கத்துத் தெருவை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி அங்க போனியா? அங்க உனக்கு யாருடி இருக்கான்?”

“யாரு இருக்காங்கன்னு கேட்டு எழுதறதுதானே என் வேலை.”

ஸ்ரீகண்டன் எழுந்து நின்றான். “எந்தெந்த கிராஸ்?”

“குடுத்த கிராஸ் எல்லாம்.”

“இன்னியோட நிறுத்திடு. என் பொண்டாட்டி கண்டவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.”

“இன்னியோட முடியுது. பத்து மணிக்கு எல்லாத்தையும் ஒப்படைக்கணும். நம்ம வீட்டுது ஒண்ணுதான் பாக்கி. வேலைக்கு வந்தவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் படிவமும் தரணும்னு சார் சொல்லிட்டார். உக்காருங்க.”

முப்பத்தேழாவது படிவத்தில் இருவர் பெயரையும் எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“வேலை செய்யற இடம்?”

“தெரியாத மாதிரி கேக்கற. பொம்மசந்திரா.”

“எல்லாரையும் கேக்கற மாதிரிதான் கேக்கணும். எதுல போறீங்க?”

“பஸ்ல. மாறி மாறி.”

“கம்பெனி பஸ்?”

“அது இந்தப் பக்கம் வராது.”

“கம்பெனி பஸ்ஸுக்குப் பாஸ் வெச்சிருக்கீங்களா?”

“வராத பஸ்ஸுக்கு எதுக்குடி பாஸ்?”

‘இல்லை’ என்ற கட்டத்தில் அவள் ஒரு டிக் போட்டாள். “வாரத்துல எத்தனை ராத்திரி இந்த வீட்ல தூங்கறீங்க?”

“இதெல்லாமா கேக்கறாங்க?”

“எங்க அதிகமா தூங்கறாங்களோ அந்த வீட்லதான் ஆளை எழுதணும்.”

“மூணு. செகண்ட் ஷிஃப்ட் பத்தரைக்கு முடியுது. அதுக்கு மேல இங்க வர ஏது பஸ்? மத்த நாள் கம்பெனி ரூம்லதான் முடங்கறேன். அதையும் எழுதிக்க. ராத்திரிக்கு ஒரு பஸ் விடட்டும், தினம் வரேன்.”

“அப்ப வெளிய நாலு ராத்திரி,” என்று சொல்லிக்கொண்டே அவள் எழுதினாள்.

பிறகு பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். போன மாதம் அவன் சட்டையோடு சேர்த்து அவள் துவைத்துவிட்ட கம்பெனி பஸ் பாஸ். சோப்பு நீரில் எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது. இறங்குமிடம் விவேக் நகர் என்பது மட்டும் படிக்க முடிந்தது.

வலப்பக்க அடுக்கிலிருந்து ஒரு படிவத்தை உருவி அதன் பக்கத்தில் வைத்தாள். பேட்டி நேரம் ஒரு மணி பத்து நிமிடம். பதில் சொன்னவர் யூனிஸ். வசிப்போர் மூன்று பேர்: யூனிஸ், மகள் டோரீன், வயது நான்கு, கணவர் ஸ்ரீகண்டன். கணவர் வாரத்தில் தங்கும் இரவுகள், நான்கு.

ஸ்ரீகண்டன் அதை இரண்டு முறை படித்தான். இடப்பக்க அடுக்கின் மேல் இருந்த அவன் கை அப்படியே இருந்தது.

சீதாலட்சுமி முப்பத்தேழாவது படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அவன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள்.

“ஒரு ஆளை ரெண்டு வீட்ல எழுதக் கூடாதாம்.”