பை ஜிப்

"மறுபடியும் பை ஜிப் போச்சா? சரி பண்ணலாம்னா வீட்டுல குறடும் காணோம்!" என்றாள் ஆசிரியரின் மனைவி.

"ஸ்கூல்ல பிள்ளைங்க ரிப்பேர் கடை வச்சிருக்காங்கல்ல, அங்க குடுத்துக்கறேன். ஆள் வரலைன்னா கடையை மூடணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார். அன்று மதியம் வகுப்பிலேயே மாரடைப்பு. வீடு திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, கடை நடத்தும் மாணவி அந்தப் பையோடு வந்தாள்.

"கடையை மூடிட்டாங்களா கண்ணு?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லம்மா, இப்ப பக்கத்து ஸ்கூல் பையெல்லாம்கூட வருது. ஆரம்பத்துலதான் சார் மட்டும் வந்தார். அவர் ஜிப்புல எப்பவும் குறடு கடிச்ச தடம் இருக்கும். நாங்களும் தெரியாத மாதிரியே தச்சுக் குடுத்தோம்."

அவள் போனதும் மனைவி கணவரின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். பேனாக்களுக்கு நடுவே, அவர் வைத்த இடத்திலேயே இருந்தது குறடு.